லிகன்காபூர் உச்சியின் விறகு

கப்பலில் வெங்காயம் உரிக்கப் போன நான், ஏறக்குறைய ஆறாயிரம் மீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால், பாபநாசம் கடைத்தெருவில் பாதிப் பேர் இன்றும் நம்ப மாட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு தரம் தவறியவன் நான். அரிசி ஆலை, திருப்பூர் பனியன் கம்பெனி, பம்பாயில் ஒரு தமிழ் மெஸ் என்று எதிலும் முழுதாக ஒரு வருஷம் நிலைத்ததில்லை. அந்த மெஸ்ஸில் சாப்பிட வந்த ஒரு கப்பல்காரர்தான் என்னைச் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாகச் சேர்த்துவிட்டார். நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி உலகமே ஒரே சந்தை என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில். நான் மட்டும் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. பல நாள் எனக்கே தெரியாது.

இரண்டாவது கப்பல் சிலி நாட்டின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் மாட்டிக்கொண்டது. முதலாளி கையை விரித்துவிட்டு எங்கோ போய்விட்டார். துறைமுகக்காரர்கள் கப்பலை நகரவிடவில்லை. உள்ளே பதினான்கு பேர் இருந்தோம். முதலில் சம்பளம் நின்றது, பிறகு டீசல், பிறகு விளக்கு. ஒரு மாதா கோயில்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த அரிசியையும் டின் மீனையும் நான்தான் பங்குவைத்துச் சமைத்தேன். மூன்றாம் மாதம் கரையில் இறங்கி நடமாட அனுமதித்தார்கள். மற்றவர்கள் துறைமுக வாசலிலேயே கூலிவேலை தேடினார்கள். நான் உள்நாட்டுக்குப் போகும் ஒரு லாரியில் ஏறிக்கொண்டேன். அது எங்கே போகிறது என்று கேட்க எனக்கு மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

லாரி என்னை ஒரு பாலைவனத்து ஊரில் இறக்கிவிட்டது. மண்சுவர் வீடுகள். தெருவோரம் முழம் அகலத்துக்கு வாய்க்கால்கள். வாய்க்கால் போகும் இடத்தில் மட்டும் மரம். ஒரு அடி தள்ளினால் வெறும் மண். கிழக்கே தலையைத் தூக்கினால் லிகன்காபூர் மலை. களத்தில் தூற்றிக் குவித்த நெல் அம்பாரத்தின் சரிவு எப்படி இருக்குமோ அப்படி ஒரு கூம்பு. சிலிக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் எல்லைக்கோடு அதன் மேலேதான் போகிறது. எப்போதோ பக்கத்து நாடுகளோடு ஏற்பட்ட சண்டைப் பயத்தில் சிலி ராணுவம் தன் பக்கத்துச் சரிவில் கண்ணிவெடி புதைத்துவைத்திருந்தது. அதனால் மலை கண்ணுக்கு முன்னால் நின்றாலும், ஏற வேண்டும் என்றால் ஜீப்பில் எல்லையைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு பொலிவியாப் பக்கமாகத்தான் போக வேண்டும்.

அந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கட்டைகுட்டையான ஆள், கன்னம் வெயிலில் வெடித்துச் செம்பு நிறத்தில் இருக்கும். அவருக்கு ஒரு சமையல்காரன் தேவைப்பட்டான். நான் கையால் கிளறிக்காட்டி, வாயில் போட்டுக்காட்டி, வேலை வாங்கினேன். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

மலையடிவாரத்துக் கூடாரமே நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல். அங்கே போன முதல் நாள் என் மானம் போயிற்று. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அரிசி நடுவில் கல்லாக இருந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினேன். மறுபடி கல். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கே தண்ணீர் கொதிக்கிற மாதிரி நடிக்கும். சூடு பத்தாது. நீ வந்த இடத்தில் காற்று கனம், அதனால் அரிசி வேகும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னால் நீ நம்பியிருப்பாயா? நீ கடல் மட்டத்து ஆள்."

அந்தச் சோற்றை அவர் முகம் சுளிக்காமல் தின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கோக்கா இலையை எடுத்துக் கொடுத்தார். தலைவலிக்கும் மூச்சுமுட்டலுக்கும் அங்கே அதைத்தான் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். கூடவே சாம்பலைப் பிசைந்து செய்த ஒரு கட்டியைக் கடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற ஊரில் பிறந்தவன்.

அரிசி வேகக் காத்திருந்த பொழுதுகளில்தான் அந்த மலையின் கதையைக் கேட்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு இன்கா காலத்து ஆட்கள் அதில் ஏறினார்கள். உச்சியில் எரிமலையின் வாயில் சிறிய குளம் இருக்கிறது. அதன் பக்கத்தில் கல்லடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு மரம் கிடையாது. கீழே ஊர்களிலிருந்து விறகை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். பக்கத்து மலைகளுக்குத் தெரிகிற மாதிரி நெருப்பு மூட்டினார்கள் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏறியதாக எழுத்தில் இல்லை. நூறு வருஷத்துக்குச் சற்று முன்பு அந்தப் பக்கத்து உள்ளூர் ஆள் ஒருவர் ஏறிப்போய் வந்து, மேலே சுவர் இருக்கிறது, விறகு குவிந்திருக்கிறது என்று சொன்னார். எழுதிவைத்த சரித்திரத்தில் அவர்தான் முதல் ஆள். அப்புறம் ஐரோப்பாக்காரர்கள் வந்தார்கள், கொடி கொண்டுவந்தவர்கள் வந்தார்கள், காற்று உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து உச்சிக் குளத்துக்குள் மூழ்கிப் பார்த்தவர்களும் வந்தார்கள்.

"எல்லாரும் தான்தான் முதலில் வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள்," என்றார் அண்ணன். "உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். பக்கத்தில் பார்த்தால் விறகு இருக்கும்."

நான் ஏறியது ஒரு தற்செயல். அன்று வந்திருந்த இரண்டு ஜெர்மன்காரர்களில் ஒருவர் உடம்பு முடியாமல் ஜீப்பிலேயே தங்கிவிட்டார். மூன்றாவது ஆள் இல்லாமல் போக அண்ணனுக்கு மனமில்லை. "நீ வா, சமையல்காரா," என்றார். திருச்சி மலைக்கோட்டைக்கு மேல் நான் எதிலும் ஏறியதில்லை. மேலே பிள்ளையார் இருப்பாரா என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்முன் தரையில் கொஞ்சம் சாராயத்தைச் சிந்தி, மூன்று இலையை ஒரு கல்லின் கீழ் வைத்து, மலையைப் பெரியவரே என்று அழைத்து உத்தரவு கேட்டார். அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் தருவது அந்தப் பெரியவர்தான்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முழுக்கச் சரியும் கல். இரண்டு எட்டு வைத்தால் ஒரு எட்டு கீழே வரும். கடைசி இரண்டு மணி நேரம் பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்றேன். வாந்தி எடுத்தேன். நடுவில் இனி முடியாது என்று உட்கார்ந்தேன். அண்ணனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, எழுந்துவிட்டேன். உச்சியில் குளம் பாதி உறைந்து கிடந்தது. இடுப்புயரச் சுவர்கள். ஒரு சுவரின் நிழலில் மூன்று விறகுக்கட்டைகள் பக்கம் பக்கமாக, நேற்று யாரோ அடுப்புக்கு எடுத்துவைத்த மாதிரி கிடந்தன. வெள்ளி நிறம். முழங்கை நீளம். எடுத்துப் பார்த்தால் நெட்டியைப் போல் கனமே இல்லை. அண்ணன் அந்த ஜெர்மன்காரருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் நடுக்கட்டையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அவ்வளவு தூரம் வந்ததற்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம். என்ன பெயர் வைத்தாலும் அது திருட்டு.

மூன்று மாதத்தில் கப்பல் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்து, எங்களை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், துண்டில் சுற்றிய அந்தக் கட்டை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் வந்து இறங்கினேன். அக்கா கோயில் நிலம் ஐந்து மா குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தாள். கட்டையைப் பரணில் வைத்தேன். அது என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்த கதையையும் சொல்ல வேண்டும்.

பிறகு வழக்கம்போல் நான் சும்மா இருக்கவில்லை. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியில் சில மாதம், நாகப்பட்டினத்தில் ஒரு ஹோட்டலில் சில மாதம். ஆனி மாதம் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கடைத்தெருவில் பாய் கூப்பிட்டார். பாய் சவூதியில் பதினொரு வருஷம் இருந்து திரும்பியவர். எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்து, ஜெராக்ஸ் மெஷின் சேர்த்து, அப்போது இரண்டு கம்ப்யூட்டரும் வைத்திருந்தார். மலை ஊர் அண்ணனிடம் நான் கொடுத்துவிட்டு வந்தது பாய் கடையின் மெயில் முகவரி.

"தம்பி, உங்களுக்கு ஒரு மெயில் வந்து பத்து நாளாவுது. இங்கிலீஷ் இல்ல, ஒண்ணும் புரியல. எதாவது லாட்டரியா?"

படித்துப் பார்த்தேன். அண்ணன் சொல்லச் சொல்ல அவர் மகள் தட்டெழுதியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்கு அந்த மொழி வந்திருந்தது.

அதில் இருந்தது இதுதான். அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கால் தூர்வாருவார்கள். வாரத் தொடங்கும்முன் ஊர்க்கூட்டம் கூடும். அந்த வருஷம் மலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து, மேலே என்ன கொண்டுபோனேன், கீழே என்ன கொண்டுவந்தேன் என்று சொல்ல வேண்டும். மலையிலிருந்து எடுத்ததைத் திருப்பாமல் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. அந்த வருஷம் பனி குறைவு, தண்ணீரும் குறைவு. ஊர் ஏற்கெனவே வழிகாட்டிகள் மேல் கோபமாக இருக்கிறது. எடுத்தது வராவிட்டால் அவருடைய வயலுக்கு ஒரு பருவம் தண்ணீர் முறை கிடையாது. "மூன்று கட்டையில் நடுக்கட்டை இல்லை. வெள்ளைக்காரர்கள் எடுத்தால் கல்லைத்தான் எடுப்பார்கள். விறகை எடுக்கிறவன் சமையல்காரன். நான் கோபமாக இல்லை. கூட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அனுப்பிவிடு."

நான் நேராக வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். துண்டு இருந்தது. கட்டை இல்லை. பழைய முறம், அண்டா, குவைத்திலிருந்து வந்த பெட்டிகளின் அட்டை எல்லாவற்றையும் புரட்டினேன்.

"என்னடா தேடுற?" என்றாள் அக்கா கீழே நின்று.

"ஒரு கட்டை வெச்சிருந்தேனே."

"துண்டுல சுத்தி வெச்சிருந்தியே, அதா? ஐப்பசியிலயே அடுப்புக்குப் போட்டாச்சே."

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அடமழைடா. ஒன்பது நாள் விடல. கேஸ் தீந்து போயி சொல்லிவெச்சு வரல. மட்டை, பாளை, கருவை வெறகு எல்லாம் ஊறிக் கிடக்கு, ஊதி ஊதி எனக்கு நெஞ்சு வலிக்குது. கீழத்தெருவுல மூணு வீட்டுச் சுவரு விழுந்து அவங்க எல்லாம் நம்ம கூடத்துலதான் இருந்தாங்க. இருபத்திரண்டு பேரு, குழந்தைங்க வேற. காஞ்சது எதாவது கெடைக்குமான்னு பரண்ல பாத்தேன். அடேயப்பா, என்ன வெறகுடா அது! கற்பூரம் மாதிரி புடிச்சிச்சு. அது புடிச்ச வேகத்துலதான் மத்த ஈர வெறகெல்லாம் எரிஞ்சிச்சு. எங்க வாங்குன?"

நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன். பாய் கடைக்குத் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஐந்நூறு வருஷத்து வெறகா? உங்க அக்கா அதுல சோறாக்கிருச்சா? சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கூட்டம்னா என்ன, அவங்க ஊரு ஜமாபந்தியா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"கட்டைன்னா கட்டைதான் தம்பி. மரவாடியில பழைய வண்டிச் சக்கரத்து ஆரக்கால் கெடக்கும். வெயில்ல போட்டு வெளுக்க வெச்சு பார்சல்ல போட்ருவோம். அந்தக் கட்டையில பேரா எழுதியிருக்கு?"

இதைச் சொல்ல எனக்குச் சங்கடமில்லை: அது நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். மரவாடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஆரக்கால் கிடைத்தது. கொல்லையில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், வெயிலில் போட்டேன். நாலாம் நாள் ஓரளவு வெள்ளியாக வந்தது. கனம் மட்டும் குறையவில்லை. ஐப்பசி மழையைக் குடித்து வளர்ந்த மரம் என்ன செய்தாலும் நெட்டியாகாது. குடைந்துவிடலாமா என்று நான் உளியைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாலு நாளா ஒரு கட்டையை வெச்சுத் தேய்க்கிற. சாப்பிடவும் வர மாட்டேங்குற. என்னன்னு சொல்லிடு."

முழுக்கச் சொன்னேன். மலை, சுவர், மூன்று கட்டை, சட்டைக்குள் செருகியது, மெயில், கூட்டம். மலையைச் சொன்னபோது அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் முறையைச் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தண்ணிய நிறுத்திடுவாங்களா?"

"ஒரு பருவத்துக்கு."

"என்னடா சாதாரணமா சொல்ற? ஒரு பருவம்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? நீ பாட்டுக்குக் கப்பல்ல ஏறிப் போயிடுவ. தண்ணி வராத வயலைப் பக்கத்துல நின்னு பாத்திருக்கியா நீ?"

அந்த வருஷம் மேட்டூரும் இன்னும் திறக்கவில்லை. எங்கள் வாய்க்காலில் கடைசி வயல் அக்காவுடையது. மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்து மிச்சம் வந்தால்தான் அவளுக்கு. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வருஷங்களில் தன் முறை வருகிற பொழுதுக்கு அவள் மண்வெட்டியோடு வரப்பில் போய் நிற்பதை ஊரே அறியும். அப்படிப்பட்டவளால் இன்னொருவருடைய முறை போகப்போகிறது.

"இந்தக் கட்டைய அனுப்பினா கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"தூக்கிப் பாத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்."

"அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அப்ப அவரையும் பொய் சொல்ல வெக்கிற." ஆரக்காலை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் வீசினாள். "நான்தானே எரிச்சேன். என் பேர்ல எழுது. நான் சொல்றேன்."

மறுநாள் காலை அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பாய் கடைக்கு வந்தாள். பாய் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். பார்சலைப் பற்றி விசாரித்ததையும் சொன்னார். அந்த நாட்டுக்கு மரம், விதை, மண் எதையும் அனுப்ப முடியாதாம். பூச்சி வந்துவிடும் என்று வாசலிலேயே எடுத்து எரித்துவிடுவார்களாம்.

"பாத்தீங்களா பாய், அவங்களும் எரிக்கத்தான் போறாங்க," என்றாள் அக்கா. "எழுதுடா. மொதல்ல கும்புடுறேன்னு போடு."

"அதுக்கு அந்த மொழியில..."

"எதாவது இருக்கும், போடு. அந்தக் கட்டைய எரிச்சது நான். என் தம்பி அது என்னன்னு என்கிட்ட சொல்லல, அது அவன் தப்பு. கேக்காம எடுத்துப் போட்டேன், அது என் தப்பு. போட்டியா?"

"போட்டேன்."

"அன்னிக்கு மழை. எவ்வளவு மழைன்னு எழுது."

"அங்க மழையே கிடையாதுக்கா. புரியாது."

"அதனாலதான் எழுதச் சொல்றேன். ஒன்பது நாள்னு போடு. சுவரு விழுந்துதுன்னு போடு. குழந்தைங்க பசியில அழுதிச்சு. அந்தக் கட்டை இல்லன்னா அடுப்பு புடிச்சிருக்காது. ஆறு படி அரிசி வெந்துச்சு, இருபத்திரண்டு பேரு சாப்பிட்டாங்க, என்னைச் சேக்காம. இவன் அப்ப ஊர்ல இல்ல, அது வேற கதை. சாம்பலைக்கூட வீணாக்கல, நாத்தங்காலுக்குத்தான் தெளிச்சேன். அதை மேல தூக்கிட்டுப் போனவங்க எரிக்கத்தானே தூக்கிட்டுப் போனாங்க. அவங்க முடிக்காம விட்டதை நான் முடிச்சிட்டேன்னு வெச்சுக்கச் சொல்லு."

பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. அந்த மனுஷன் தண்ணிய நிறுத்தாதீங்க. தண்டனைன்னா எனக்குப் போடுங்க, என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன். அவ்வளவுதான். படிச்சுக் காட்டு."

எனக்குத் தெரிந்த மொழி சமையலறை மொழி. பசி, நெருப்பு, சோறு இதற்கெல்லாம் என்னிடம் சொல் இருந்தது. தப்பு என்பதற்கும் இருந்தது. கப்பலில் தினமும் கேட்டதுதான். தண்டனைக்கு மட்டும் சொல் இல்லாமல், நாங்கள் செய்ய வேண்டிய வேலை எது என்று எழுதினேன். பாய் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பதில் வரும்வரை அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினம் சாயங்காலம் கடைத்தெருவுக்கு என்னை எதையாவது வாங்க அனுப்புவாள். உப்பு இருக்கும்போதே உப்பு. பாய் என்னைத் தூரத்தில் பார்த்ததும் கையை ஆட்டி இல்லை என்பார். எங்கள் ஆறும் அப்போது காய்ந்து கிடந்தது. ஆவணியில்தான் மெயில் வந்தது.

அண்ணன் கூட்டத்தில் எழுந்து, விறகு ஒன்று போய்விட்டது என்று சொன்னாராம். சத்தம் கிளம்பியது. அவர் மகள் எழுந்து அக்காவின் கடிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு ஒரு கிழவி கேட்டாளாம்: அரிசி நன்றாக வெந்ததா? அண்ணன், அவர்கள் ஊரில் காற்று கனம், வெந்திருக்கும் என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. ஆனாலும் எல்லாம் சிரிப்பில் போய்விடவில்லை. தண்ணீர் முறையை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு வருஷத்துக்கு அவர் வெளிநாட்டுக்காரர்களை அந்த மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது. முதுகில் சுமந்து மேலே போனது முதுகில்தான் மேலே போக வேண்டும். இரண்டு கட்டு விறகு. ஒன்று கவனிக்காமல் விட்ட அவருடையது. மற்றொன்று எரித்த அக்காவுடையது.

"உன் அக்காவால் வர முடியாது என்று எங்களுக்குத் தெரியும்," என்று எழுதியிருந்தார். "அவளுடைய கட்டு விறகைத் தான் தூக்குவதாக என் மகள் சொல்லிவிட்டாள். நான் இப்போது உப்புக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். வேலை மோசமில்லை. இந்த விறகைக் கொண்டுபோய் வைப்பதற்குத் தவிர மேலே போக முடியாதது மட்டும் கஷ்டம்."

என் ஒரு நிமிஷத்துக் கைநீட்டலுக்கு அவருடைய ஒரு வருஷம். அதற்கு நான் என்ன எழுதினாலும் சரியாக வரவில்லை. மூன்று தரம் அழித்துவிட்டு, மன்னிச்சிருங்க அண்ணே என்று தமிழிலேயே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன். அண்ணே என்ற அந்த ஒரு சொல்லாவது அவருக்குப் புரியும்.

புரட்டாசியில் ஒரு படம் வந்தது. பாய் அதைக் கலரில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். உச்சிக் குளத்தின் முன்னால் அண்ணனும் மகளும். இருபத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. நெற்றியில் பட்டை போட்டு முதுகில் ஒரு கட்டு விறகைத் தாங்கியிருந்தாள். களைப்பில் முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. அக்கா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுவாடா என்னோட கட்டு? இவ்வளவு பெருசா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஏறணும்?"

"எனக்கு எட்டு மணி நேரம் ஆச்சு. வெறுங்கையோட."

"கல்யாணம் ஆயிடுச்சா இந்தப் பொண்ணுக்கு?"

"தெரியலக்கா."

"ஒண்ணும் கேக்கத் தெரியாது உனக்கு."

அந்த வாரம் மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பொதுப்பணித்துறை ஆள் வருவதற்குக் காத்திருந்தால் தண்ணீர் மேல்மடையோடு நின்றுவிடும் என்று, எங்கள் கிளை வாய்க்காலை ஊரே இறங்கி வெட்டியது. நிலத்துக்குத் தக்கபடி கோல் போட்டு அளந்து, வீட்டுக்கு இவ்வளவு நீளம் என்று பங்கு. அக்கா தன் பங்கைக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் முடித்துவிட்டாள். நான் கூடையில் மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினேன். முடிந்தது என்று நான் மண்வெட்டியைக் கழுவப் போனபோது, அவள் அடுத்த பங்கில் இறங்கினாள். அது சிங்கப்பூருக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்துடையது. ஆள் இல்லாமல் கோரையும் ஆகாயத்தாமரையும் காய்ந்து மண்டிக் கிடந்தது.

எதிர்ப் பங்கில் வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, அது சிங்கப்பூரான் பங்குல்ல? அவனுக்கு எதுக்கு நீ வெட்டுற? அவன் வந்து உனக்குச் சென்ட் பாட்டில் குடுப்பான்னா?"

"அவனுக்காக இல்லக்கா. எனக்காக ஒரு பொண்ணு வெறகு தூக்கிச்சு. அதுக்கு."

"எந்தப் பொண்ணு? எந்தத் தெரு?"

"ரொம்பத் தூரம்." அக்கா கோரையின் வேரில் மண்வெட்டியை இறக்கினாள். "நின்னு பாக்காதடா. கூடைய எடு."

அந்தப் பங்கு எட்டுக் கோல் நீளம். வெயில் உச்சிக்கு வருவதற்குள் இருவரும் முடித்துவிட்டோம்.